சுதந்திரமும் பொறுப்பும்: இந்திய அரசியல் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பிரிவு எண்களில் குற்றவியல் சட்டம் சார்ந்தவை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களின்படி உள்ளன. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்).

அரசியல் சட்டம் எந்தெந்தச் சுதந்திரத்தைத் தருகிறது?

முதலில் பார்க்க வேண்டியது 19ஆம் பிரிவு. கருத்தைப் பேசவும் எழுதவும் வெளியிடவும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும், சங்கமோ தொழிற்சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ அமைக்கவும், நாடெங்கும் சென்றுவரவும், எங்கும் குடியிருக்கவும், விரும்பிய தொழிலைச் செய்யவும் அது ஆறு சுதந்திரங்களைத் தருகிறது. 1950 ஜனவரி 26 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏழு இருந்தன. சொத்து வைத்திருக்கும் உரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தால் இங்கிருந்து நீக்கப்பட்டு, 300ஏ பிரிவில் அடிப்படை உரிமையல்லாத அரசியல் சட்ட உரிமையாக வைக்கப்பட்டது.

அடுத்து 21ஆம் பிரிவு: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்க முடியாது. இந்த ஒற்றை வரிக்கு உயிர் வரவே காலம் பிடித்தது. 1950இல் ஏ.கே. கோபாலன் வழக்கில், சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்க்க வேண்டியதில்லை என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் அது மாறியது. நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும், தான்தோன்றித்தனமாக இருக்கக் கூடாது என்பதே அன்று முதல் விதி. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையையும் இதே பிரிவுக்குள் உறுதிசெய்தது.

19ஆம் பிரிவு இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். 14 (சட்டத்தின் முன் சமம்), 20, 21, 22, 25 ஆகியவை இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும் உண்டு. அகதிக்கும் சுற்றுலாப் பயணிக்கும்கூட.

கடமையைச் செய்தவருக்குத்தான் உரிமையா?

இல்லை. மேடைகளிலும் பள்ளி விழாக்களிலும் இது அடிக்கடி சொல்லப்படுவதால் சட்டமே இப்படித்தான் என்று பலர் நம்புகிறார்கள். அடிப்படை உரிமைகள் மூன்றாம் பாகத்தில் 1950 முதல் இருக்கின்றன. அடிப்படைக் கடமைகள் 42ஆம் திருத்தத்தின் மூலம் 51ஏ பிரிவாகச் சேர்ந்து, 1977 ஜனவரி 3 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. முதலில் பத்து. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம், 6 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பளிக்கும் பெற்றோர் கடமையைப் பதினொன்றாவதாகச் சேர்த்தது. இடைப்பட்ட 27 ஆண்டுகளும் உரிமைகள் கடமைப் பட்டியல் இல்லாமலேயே செல்லுபடியாகி வந்தன.

51ஏ-வை மட்டும் காட்டி யாரையும் தண்டிக்க முடியாது. தண்டனை வேண்டுமானால் தனிச் சட்டம் வேண்டும்; பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவதற்கு 1984ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல. 1985இல் கேரளப் பள்ளி மாணவர் மூவர், தேசிய கீதம் ஒலித்தபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள். மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, எழுந்து நின்றதே மரியாதைதான் என்று சொல்லி 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

வரி பாக்கி வைத்தவருக்கும், வாக்களிக்காதவருக்கும், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் 21ஆம் பிரிவு உண்டு. உரிமையைச் சம்பாதித்துப் பெற வேண்டும் என்றால், சம்பாதித்தாயா என்று தீர்மானிப்பவர் கையில் அது சலுகையாகிவிடும்.

அப்படியானால் பொறுப்பு எங்கிருந்து வருகிறது?

அடுத்தவருக்கும் அதே சுதந்திரம் இருப்பதிலிருந்து வருகிறது. உங்கள் பேச்சுரிமைக்கு எதிரில் இன்னொருவரின் நற்பெயர் இருக்கிறது. உங்கள் ஊர்வலத்துக்கு எதிரில் ஆம்புலன்ஸ் போக வேண்டிய சாலை இருக்கிறது. உங்கள் வழிபாட்டுக்கு எதிரில் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் இருக்கிறது. 19ஆம் பிரிவின் உட்பிரிவுகள் (2) முதல் (6) வரை ‘நியாயமான கட்டுப்பாடுகள்’ என்று சொல்வது இதைத்தான்.

பொறுப்பு குடிமகனுக்கு மட்டும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. கட்டுப்பாடு விதிக்கும் அரசுக்கும் பொறுப்பு உண்டு; சரியாகச் சொன்னால் அதற்கே கூடுதல். சட்டம் என்ன, அது எந்தக் காரணத்துக்குள் வருகிறது, அளவு மீறாதது எப்படி என்று நிரூபிக்க வேண்டியது அரசு. ஆகவே, மறுக்கப்பட்ட இடத்தில் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது குடிமகன் செய்யக்கூடிய பொறுப்பான செயல்களில் முதன்மையானது. காரணம் எழுத்தில் இல்லாவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் எதையும் உரசிப் பார்க்க வழியில்லை.

சில உரிமைகள் தனிமனிதர்களையும் நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவும், கொத்தடிமையையும் கட்டாய உழைப்பையும் தடுக்கும் 23ஆம் பிரிவும், கடை, உணவகம், கிணறு, குளம் போன்ற இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் 15(2)உம் அரசுக்கு எதிராக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. ‘என் கடை, என் இஷ்டம்’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

அரசு எந்தக் காரணங்களுக்காகப் பேச்சைத் தடுக்கலாம்?

19(2) சொல்லும் எட்டுக் காரணங்களுக்காக மட்டும்: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது நல்லொழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இந்தப் பட்டியல் முழுமையானது, புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது.

பட்டியல் வளர்ந்த கதையில் சென்னைக்கும் பங்குண்டு. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழைய அரசு தடை விதித்தது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ‘பொது ஒழுங்கு’ என்ற காரணம் அப்போது 19(2)இல் இல்லை. மறு ஆண்டே முதல் திருத்தம் வந்து பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத் தூண்டுதல் மூன்றையும் சேர்த்தது. அதே திருத்தம்தான் ‘நியாயமான’ என்ற சொல்லையும் அங்கே வைத்தது. அந்தச் சொல் இருப்பதால்தான் இன்றும் நீதிமன்றம் ஒவ்வொரு தடையையும் எடைபோட முடிகிறது. இறையாண்மையும் ஒருமைப்பாடும் 1963இல் சேர்ந்தன.

பட்டியலில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். ‘பொது நலன்’ அங்கே இல்லை. நாடெங்கும் சென்றுவருவதற்கும் தொழிலுக்கும் பொது நலன் கருதிக் கட்டுப்பாடு விதிக்கலாம். பேச்சுக்கு விதிக்க முடியாது. ‘மனம் புண்பட்டது’ என்பதும் தனிக் காரணமாக இல்லை. மத உணர்வை வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் புண்படுத்துவது பிஎன்எஸ் 299இன் கீழ் குற்றம்; ‘வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்’ என்ற இரண்டும் சேர்ந்து நிரூபிக்கப்பட வேண்டும்.

“பேசினால் கலவரம் வரும்” என்று யாராவது மிரட்டினால், பேச்சைத் தடுக்கலாமா?

மிரட்டுபவரைத்தான் தடுக்க வேண்டும். இடஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்த் திரைப்படத்துக்கு எதிர்ப்பு கிளம்பி, வழக்கு 1989இல் உச்ச நீதிமன்றம் சென்றது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறிபோலப் பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தாலன்றித் தடுக்க முடியாது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்றது தீர்ப்பு.

சமூக ஊடகத்தில் எழுதுவதற்கு எல்லை எங்கே?

2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ‘எரிச்சலூட்டும்’, ‘சங்கடம் தரும்’ பதிவுகளுக்கு மூன்றாண்டுச் சிறை என்ற அந்தப் பிரிவு, எதை எழுதலாம் எதை எழுதக் கூடாது என்றே புரியாத அளவுக்கு மங்கலாக இருந்தது. அந்தத் தீர்ப்பு மூன்று நிலைகளைப் பிரித்தது: விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, தூண்டிவிடுவது. முதல் இரண்டும், எவ்வளவு கசப்பாக இருந்தாலும், பாதுகாக்கப்பட்டவை. மூன்றாவதை எட்டும்போதுதான் சட்டம் நுழையலாம். ரத்தான பிறகும் 66ஏ-வில் வழக்குப் பதிந்த சம்பவங்கள் நடந்தன. உங்கள் எஃப்ஐஆரில் அந்த எண் இருந்தால் அந்தப் பகுதி செல்லாது.

இன்று வழக்கமாகப் போடப்படுபவை பிஎன்எஸ் 196 (மதம், சாதி, மொழி அடிப்படையில் பகை வளர்த்தல்), 353 (பொய்ச் செய்தி, வதந்தி), 299. மூன்றுக்கும் மூன்றாண்டுவரை சிறை; 196இல் குற்றம் வழிபாட்டுத் தலத்தில் நடந்தால் ஐந்தாண்டு. 353இல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: செய்தி உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு, தீய நோக்கமின்றி வெளியிட்டிருந்தால் குற்றமாகாது. ‘நியாயமான காரணம்’ என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். எங்கிருந்து எடுத்தீர்கள், எந்தத் தேதியில், மூலச் செய்தியின் படம் இருக்கிறதா என்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

“நான் எழுதவில்லை, ஃபார்வர்டு மட்டும் செய்தேன்” என்ற விளக்கத்தை நம்ப வேண்டாம். ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. தவறு தெரிந்ததும் நீக்கிவிட்டு, அதே குழுவில் திருத்தத்தையும் போடுங்கள். நீக்குவது மட்டும் போதாது. ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு அது தவறென்று தெரியாது. வாட்ஸ்அப் குழுவின் அட்மினைப் பொறுத்தவரை, உறுப்பினர் போட்டதற்கு அட்மினாக இருப்பதாலேயே குற்றப் பொறுப்பு வராது என்று மும்பை உயர் நீதிமன்றமும் (2021) கேரள உயர் நீதிமன்றமும் (2022) தீர்ப்பளித்துள்ளன. சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு.

விபத்தில் இறந்தவர், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர் ஆகியோரின் படத்தையும் பெயரையும் பகிர்வதற்கு முன் நிறுத்துங்கள். பின்னிரு வகையிலும் அடையாளம் வெளியிடுவது தனிக் குற்றம். முதல் வகையில் சட்டம் என்ன சொன்னாலும், அந்த வீட்டாருக்குத் தகவல் போய்ச் சேரும் முன் படம் போய்ச் சேரக் கூடாது.

உண்மையைத்தானே சொன்னேன், அவதூறு வழக்கு எப்படி வரும்?

வரும். அவதூறில் சிவில், கிரிமினல் என்று இரண்டு வழி உண்டு. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் தப்பலாம். கிரிமினலில் (பிஎன்எஸ் 356, இரண்டாண்டுவரை) உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது: அண்டை வீட்டாரின் குடும்ப விவகாரம் உண்மையே ஆனாலும் ஊருக்குச் சொல்வதில் பொது நன்மை இல்லை.

அவதூறில் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் பதிய முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். சிவில் இழப்பீட்டு வழக்குக்குக் காலவரம்பு ஓராண்டு. அரசு அலுவலர்களைப் பற்றி எழுதுவோருக்கு 1994இல் வந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு முக்கியம். வெளிவரப்போகும் எழுத்தை அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது. அலுவல் சார்ந்த நடத்தை பற்றி எழுதியதற்கு இழப்பீடு கேட்டால், பொய் என்பதோடு உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார் என்றும் காட்ட வேண்டும். அவரது வீட்டு வாழ்க்கைக்கு இந்த விலக்கு பொருந்தாது.

கூட்டமோ ஊர்வலமோ நடத்த அனுமதி எதற்கு? மறுத்தால்?

தெருவை எல்லோரும் பயன்படுத்துவதால் நேரத்தையும் தடத்தையும் ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்கும் தனிவிருப்பம் கிடையாது என்று 1972இல் ஓர் அகமதாபாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மனுவில் நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம் அல்லது தடம், எதிர்பார்க்கும் ஆட்கள், வாகனங்களின் எண்ணிக்கை, ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கட்டும். மாற்று இடம் ஒன்றையும் மாற்றுத் தேதி ஒன்றையும் சேர்த்தே எழுதினால் மறுப்பதற்கான வழி குறைகிறது. நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இங்கே நடக்கும் வழக்கமான தவறு தாமதம். கூட்டத்துக்கு முந்தைய நாள் மனு கொடுத்து, மாலையில் வாய்மொழியாக மறுக்கப்பட்டால், உயர் நீதிமன்றத்தில் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு போட நேரமும் இருக்காது, எதிர்த்து வாதாட ஆணையும் கையில் இருக்காது. குறைந்தது இரண்டு வாரம் முன்பே கொடுத்து, பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதமும் கொடுங்கள்.

‘144’ என்று மக்கள் இன்னும் சொல்லும் தடையாணை இப்போது பிஎன்எஸ்எஸ் 163. அது எழுத்தில், காரணத்தோடு இருக்க வேண்டும். ஆயுள் இரண்டு மாதம். மாநில அரசு மேலும் ஆறு மாதம்வரை நீட்டிக்கலாம். பாதிக்கப்பட்டவர் அந்த மாஜிஸ்திரேட்டிடமே அதை நீக்கவோ மாற்றவோ கேட்டு மனு செய்யலாம். இப்படிப்பட்ட ஆணைகளை அரசு வெளியிட வேண்டும், ஒன்று முடிய ஒன்றாகத் தொடர்ந்து போடுவது அதிகாரத் துஷ்பிரயோகம் என்பது 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கின் தீர்ப்பு.

கூட்டத்தின் பொறுப்பு யாருடையது என்றால், அழைத்தவருடையது. ஆம்புலன்சுக்கு வழிவிட ஆள் நிறுத்துவது, கல் எடுப்பவரை உடனே தனிமைப்படுத்துவது, முடிந்ததும் கலைவது ஆகியவற்றை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். பொதுச் சொத்துச் சேதத்துக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டுவரை சிறை. சேதத் தொகையை அழைத்தவரிடம் வசூலிக்கும் நெறிமுறைகளை 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. பொதுப் பாதையைக் காலவரையின்றி மறித்து உட்கார உரிமையில்லை என்பது 2020 அக்டோபர் தீர்ப்பு.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கட்சிக் கூட்டம்: ஒலிபெருக்கிக்கு என்ன விதி?

எல்லோருக்கும் ஒன்றுதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள்வரை, விழாக்களுக்காக நள்ளிரவு 12வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே 50, 40. பேசுவதற்கு உரிமை உண்டு, கேட்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்கவைக்க உரிமையில்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையா?

சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் அப்படியல்ல, தொழிலாளர் சட்டங்கள் தரும் உரிமை அது, நோட்டீஸ் போன்ற நிபந்தனைகளோடு. அரசு ஊழியர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பு கடுமையானது என்பதே தொழிற்சங்கங்களின் கருத்து. ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான்.

போலீஸ் கைது செய்ய வந்தால் என்னென்ன கேட்கலாம், என்னென்ன செய்யக் கூடாது?

சுதந்திரம் என்பது காகிதத்திலா நிஜத்திலா என்று தெரிவது இந்த இடத்தில்தான். அதனால் சற்று விரிவாக.

ஏழாண்டுவரை தண்டனையுள்ள குற்றமானால் உடனடிக் கைது தேவையா என்று அதிகாரி காரணம் எழுத வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு இதைக் கட்டாயமாக்கியது. கைது தேவையில்லை என்றால் பிஎன்எஸ்எஸ் 35(3)இன் கீழ் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் வந்தால் போகத்தான் வேண்டும். போய்க்கொண்டிருக்கும்வரை, புதிய காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அதுவே கைதுக்கு வழி. பலர் பயத்தில் ஊரைவிட்டுப் போய் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள்.

கைது செய்தால்: அதிகாரி பெயர் தெரியும்படி இருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரோ அக்கம்பக்கத்தவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட, கைதானவரும் கையெழுத்திட வேண்டும் (பிஎன்எஸ்எஸ் 36). 1996இன் டி.கே. பாசு தீர்ப்பு வகுத்ததே இது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் (47). சொல்லாமல் செய்த கைது செல்லாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும் (48). விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்க முடியாது (38). பெண்ணைச் சூரியன் மறைந்து உதிக்கும் வரை, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்ற விதிவிலக்கான சூழல் தவிர, கைது செய்யக் கூடாது (43). பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவே தரும் உரிமை.

இந்த 24 மணி நேரத்தில்தான் மோசடி நடக்கிறது. ‘சும்மா விசாரணைக்கு’ என்று அழைத்துச் சென்று இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, கடைசி நாளைக் கைது நாளாகக் காட்டுவார்கள். இதைத் தடுக்கும் வழி, ஆளை அழைத்துச் சென்ற ஒரு மணி நேரத்துக்குள் குடும்பத்தார் மாவட்ட எஸ்.பி. அல்லது ஆணையர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவது. பெயர், அழைத்துச் சென்ற இடம், நேரம், வாகன எண், எந்த நிலையம் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பிறகு நேரத்தை யாரும் மாற்ற முடியாது. ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. உறவினர்தான் போட வேண்டும் என்பதில்லை, நண்பரும் போடலாம்.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது பேசத் தயங்காதீர்கள். அடித்தார்களா, எப்போது பிடித்தார்கள் என்பதை அங்கே சொன்னால் ரிமாண்ட் ஆவணத்தில் பதிவாகும். அங்கே வாயை மூடிக்கொண்டு பிறகு சொல்வதற்கு மதிப்புக் குறைவு.

செய்யக் கூடாதவை: ஓடுவது, தள்ளிவிடுவது (சட்டப்படியான கைதைத் தடுப்பது தனிக் குற்றம்), பொய்ப் பெயர் சொல்வது, வெற்றுத்தாளில் கையெழுத்திடுவது. போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பது சட்டம் (181). தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது (அரசியல் சட்டம் 20(3)).

குற்றப்பத்திரிகை 60 நாளிலோ, மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டுக்குக் குறையாத தண்டனையுள்ள குற்றங்களில் 90 நாளிலோ தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. அது தானாக வராது. மனு போட வேண்டும். நீங்கள் மனு போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். நாளை எண்ணிக்கொண்டிருப்பது குடும்பத்தின் வேலை.

குண்டர் சட்டத்தில் போட்டால் இவையெல்லாம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. தடுப்புக் காவலுக்கு 22ஆம் பிரிவே விலக்குத் தருகிறது: 24 மணி நேர விதி இல்லை, ஆலோசனைக் குழு முன் வழக்கறிஞர் வைக்கும் உரிமை இல்லை. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டப்படி 12 மாதம்வரை வைக்கலாம். குற்றம் நிரூபிக்காமல் ஓராண்டு ஒருவரை அடைத்துவைக்கும் அதிகாரம் எந்த அரசிடமும் சாதாரணக் கருவியாக இருக்கக் கூடாது. விதிவிலக்காக எழுதப்பட்டது வழக்கமாகிவிட்டது.

மீதமிருக்கும் உரிமை, காரணங்களைப் பெற்று அரசுக்கு முறையீடு அனுப்புவது. தரப்பட்ட ஆவணங்கள் படிக்க முடியாதவையாக இருந்ததாலும், தெரிந்த மொழியில் தரப்படாததாலும், முறையீட்டைப் பரிசீலிக்க அரசு விளக்கமின்றித் தாமதித்ததாலும் ஏராளமான ஆணைகள் ரத்தாகியிருக்கின்றன. ஆகவே முறையீட்டைச் சீக்கிரம் அனுப்பி, போய்ச் சேர்ந்த தேதிக்குச் சான்று வைத்திருங்கள்.

புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். மட்டும் தருகிறார்கள். என்ன செய்வது?

சி.எஸ்.ஆர். என்பது மனு பெற்றதற்கான ரசீது, எஃப்ஐஆர் அல்ல. கைது செய்யத்தக்க குற்றம் புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் பதிவது கட்டாயம் என்று 2013இல் அரசியல் சாசன அமர்வு கூறியது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களில் மட்டும் மேலதிகாரி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். எல்லை எங்களுடையதல்ல என்று சொல்லியும் திருப்பி அனுப்ப முடியாது. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி (173(4)), அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் 175(3)இல் மனு. இந்த வரிசையைத் தாண்டிச் சென்றால் மனு திரும்பிவிடும். பொய்ப் புகாரும் குற்றம் என்பதால், கண்டதை மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றே எழுதுங்கள்.

குடும்பமும் சாதியும் சுதந்திரத்தைத் தடுத்தால்?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருந்தால் துணையைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் இருவரின் உரிமை. சக்தி வாகினி வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம் இதை 19, 21 ஆகிய பிரிவுகளில் வைத்துச் சொன்னதோடு, மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கவும் பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கவும் பணித்தது. வயதுச் சான்றைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் வீட்டைவிட்டு வருவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இல்லாவிட்டால், ‘சிறுமி கடத்தல்’ புகாருக்கு உடனே பதில் சொல்ல முடியாது. இருவரும் விருப்பத்தோடு வந்ததாகக் கையெழுத்திட்ட கடிதத்தை எஸ்.பி. அலுவலகத்தில் முன்கூட்டியே சேர்ப்பியுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு, அது ஆபத்தான 30 நாளாகவும் ஆகலாம். இருவரும் இந்துக்களானால் 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தப்படி சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டு பதிவு செய்யலாம், காத்திருப்பு இல்லை.

நெருக்கடி நிலை வந்தால் எல்லாம் போய்விடுமா?

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை ஏறத்தாழ அப்படித்தான் ஆனது. காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை தீர்ப்பளித்தது; நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். 44ஆம் திருத்தத்துக்குப் பிறகு 20, 21ஆம் பிரிவுகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. அந்த 1976 தீர்ப்பையே 2017இல் ஒன்பது நீதிபதிகள் தவறென்று தள்ளினர்.

அரசைக் கேள்வி கேட்க அதிகச் செலவில்லாத வழி எது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில். உயிரோ தனிமனித சுதந்திரமோ சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில். பதில் இல்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ‘ஏன் சாலை போடவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. கருத்தும் விளக்கமும் தகவலாகாது. ‘இந்தச் சாலைக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகம், பட்டியல் ஆகியவற்றின் நகல்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை. எங்கே போவது?

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். தாலுகா அளவிலும் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் உள்ளிட்டோருக்கு வருமான வரம்பே இல்லை; மற்றவர்களுக்கு வரம்பு உண்டு. வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், தீர்ப்பு நகல் செலவு எல்லாம் இதில் அடங்கும். உதவி எண் 15100. கைதானவருக்கு முதல் ரிமாண்டின்போதே இலவச வழக்கறிஞர் கேட்கலாம். மாஜிஸ்திரேட் கேட்காவிட்டாலும் நீங்களே கேளுங்கள்.